காற்றை அளந்த ராபின்ஸ்: கடலூர் கோட்டையில் முடிந்த வாழ்க்கை, விண்வெளிக் குப்பையில் தொடரும் கேள்வி

நம் தலைக்கு மேலே சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் ஒரு பெரிய காயலான் கடையே சுற்றிக்கொண்டிருக்கிறது. செத்துப்போன செயற்கைக்கோள்கள், காலியான ராக்கெட் அடுக்குகள், கழன்ற திருகுகள், உரிந்த பெயின்ட் செதில்கள் என்று எல்லாம் அங்கே உண்டு. அதில் 1 செ.மீ.க்கு மேல் உள்ள துண்டுகள் மட்டும் 10 லட்சத்தைத் தாண்டும் என்று ஐரோப்பிய விண்வெளி முகமை கணக்கிட்டிருக்கிறது. இவற்றை அகற்ற வலை, ஈட்டி, காந்தம், இயந்திரக் கை, காற்றில் இழுபடும் பாய் என்று விதவிதமான கருவிகளை உலக நாடுகள் சோதித்துவருகின்றன.

இந்தச் சோதனைகளுக்கெல்லாம் அடியில் இரண்டு எளிய கேள்விகள் இருக்கின்றன. வேகமாகப் பறக்கும் ஒரு பொருள் இன்னொன்றில் மோதினால் எவ்வளவு அடி விழும்? அது பறக்கும்போது காற்று அதன் வேகத்தை எவ்வளவு தின்னும்?

துப்பாக்கித் தோட்டாவின் வேகத்தில் இந்த இரண்டையும் முதன்முதலாக ஒழுங்காக அளந்து காட்டியவர் பெஞ்சமின் ராபின்ஸ். நியூட்டன் காலத்து இங்கிலாந்தில் பிறந்த அவர் இறந்தது நம்ம கடலூரில். 1751 ஜூலை 29 அன்று, தேவனாம்பட்டினத்தில் இருந்த செயின்ட் டேவிட் கோட்டையில். அப்போது அவருக்கு வயது 44.

யார் இந்த ராபின்ஸ்?

1707-ல் இங்கிலாந்தின் பாத் நகரில், குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்த எளிய குடும்பத்தில் பிறந்தார். போரையும் ஆயுதத்தையும் அடியோடு மறுப்பவர்கள் குவேக்கர்கள். அந்த வீட்டுப் பிள்ளைதான் பிற்காலத்தில் பீரங்கி அறிவியலுக்கே அடித்தளம் போட்டார் என்பது வரலாற்றின் விசித்திரம்.

கல்லூரிப் படிப்பு எதுவும் கிடையாது. கணிதத்தைப் பெரும்பாலும் தானாகவே படித்தார். லண்டனுக்கு வந்தபோது, நியூட்டனுக்கு நெருக்கமாக இருந்த ஹென்றி பெம்பர்ட்டனின் ஆதரவு கிடைத்தது. 1727-ல், 20 வயதில், ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது.

வயிற்றுப்பாட்டுக்கு மாணவர்களுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தார். உட்கார்ந்து பாடம் நடத்துவது சலித்துப்போகவே, பாலம், ஆலை, துறைமுகம், சதுப்பு நிலத்தில் நீர் வடிப்பது போன்ற பொறியியல் வேலைகளில் இறங்கினார். கோட்டை கட்டும் கலையைப் பயில ஐரோப்பா பக்கமும் போய்வந்தார்.

சண்டைக்கும் பின்வாங்காதவர். நியூட்டனின் நுண்கணிதத்தை பிஷப் பெர்க்லி குறைசொன்னபோது, 1735-ல் அதற்கு மறுப்பு எழுதினார். அந்தக் காலத்தின் மாபெரும் கணித மேதை லியோனார்ட் ஆய்லரின் இயக்கவியல் நூலையும் 1739-ல் கடுமையாக விமர்சித்தார். இந்தச் சண்டையின் முடிவு வேறு மாதிரி இருந்தது. அது பின்னால்.

கிடைக்காத வேலை, கிடைத்த புத்தகம்

1741-ல் வுல்விச் நகரில் பீரங்கிப் படை அதிகாரிகளுக்காக ராணுவக் கல்விக்கூடம் தொடங்கியது. அதில் பேராசிரியர் ஆகிவிட வேண்டும் என்று ராபின்ஸ் ஆசைப்பட்டார். ஆனால், பிரதமர் வால்போலின் அரசை எதிர்த்துத் துண்டுப் பிரசுரங்கள் எழுதியவர் அவர். வேலை இன்னொருவருக்குப் போனது. வால்போல் பதவி இறங்கியபின், அவர் நடத்தையை விசாரித்த நாடாளுமன்ற ரகசியக் குழுவுக்கு ராபின்ஸ் செயலாளராக இருந்தார்.

வேலை போனாலும் அதற்காகத் தயாரித்த பாடக் குறிப்புகள் கையில் இருந்தன. 1742-ல் அவை ஒரு சிறிய புத்தகமாக வெளிவந்தன. பீரங்கி இயலின் புதிய கொள்கைகள் என்பது அதன் தலைப்பின் பொருள். பார்க்கச் சின்னதாக இருந்த அந்தப் புத்தகம்தான் எறிபொருள் இயலைத் தலைகீழாகப் புரட்டிப்போட்டது.

27 கிலோமீட்டர் போக வேண்டிய தோட்டா

எறிந்த பொருள் பரவளையப் பாதையில் போகும் என்பது கலிலியோ காட்டிய உண்மை. பள்ளிக்கூடத்தில் இன்றும் அதைத்தான் படிக்கிறோம். காற்றின் தடையைப் புறக்கணிக்க என்று கணக்கின் ஓரத்தில் ஒரு வரி இருக்கும். ராபின்ஸ் காலத்துப் பீரங்கி நூல்கள் பலவும் அப்படியே புறக்கணித்தன. இவ்வளவு கனமான ஈயக் குண்டை லேசான காற்று என்ன செய்துவிடும் என்பதுதான் எண்ணம்.

ராபின்ஸ் கணக்குப் போட்டுப் பார்த்தார். அந்தக் காலத் துப்பாக்கியிலிருந்து தோட்டா வினாடிக்கு ஏறக்குறைய 1,700 அடி, அதாவது 500 மீட்டருக்கு மேல், வேகத்தில் கிளம்புகிறது. காற்றே இல்லையென்றால் 45 டிகிரி கோணத்தில் சுட்ட தோட்டா சுமார் 27 கி.மீ. தள்ளி விழ வேண்டும். நடைமுறையில் அது ஒரு கிலோமீட்டர்கூடப் போவதில்லை. மிச்ச 26 கிலோமீட்டர் எங்கே போனது? காற்று தின்றுவிட்டது.

சரி, தோட்டாவின் வேகம் அவருக்கு எப்படித் தெரிந்தது? அதிவேகக் கேமரா, ரேடார் எதுவும் இல்லாத காலம். கண்ணால்கூடப் பார்க்க முடியாத ஒரு பொருளின் வேகத்தை எப்படி அளப்பது?

ஊசல் என்னும் எளிய கருவி

ராபின்ஸ் ஒரு கனமான மரப்பலகையை இரும்புச் சட்டத்தில் ஊசல்போலத் தொங்கவிட்டார். தோட்டாவை அதன்மேல் சுட்டார். தோட்டா மரத்தில் புதைந்து நின்றுவிடும். அதன் உந்தம் முழுக்க ஊசலுக்கு மாறிவிடும். ஊசல் மெதுவாகப் பின்னால் ஆடும். அது எவ்வளவு தூரம் ஆடியது என்பதைக் கீழே கட்டிய ஒரு நாடா காட்டிக்கொடுக்கும்.

ஒரு எளிய கணக்கு பார்ப்போம். 40 கிராம் தோட்டா வினாடிக்கு 500 மீட்டர் வேகத்தில் வந்து 20 கிலோ ஊசலில் புதைகிறது என்று வைத்துக்கொள்வோம். எடை 500 மடங்கு கூடிவிட்டதால், வேகம் வினாடிக்கு 1 மீட்டராக இறங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத வேகம், அளவுகோலால் அளக்கக்கூடிய ஆட்டமாக மாறிவிட்டது. அவ்வளவுதான் தந்திரம்.

அடுத்து அவர் செய்ததுதான் முக்கியமான வேலை. துப்பாக்கிக்குப் பக்கத்தில் ஊசலை வைத்து ஒருமுறை சுட்டார். பிறகு ஊசலைத் தள்ளித் தள்ளி வைத்துச் சுட்டார். தூரம் கூடக்கூட தோட்டாவின் வேகம் எவ்வளவு குறைகிறது என்று பார்த்தார். அந்தக் குறைவுதான் காற்றின் வேலை.

வந்த விடை அவரையே அசத்தியிருக்கும். முக்கால் அங்குல விட்டமுள்ள ஒரு தோட்டாவைக் காற்று எதிர்த்துத் தள்ளும் விசை, அந்தத் தோட்டாவின் எடையைப் போல 100 மடங்குக்கும் மேல். இத்தனை பெரிய விசையைத்தான் அதுவரை கணக்கின் ஓரத்தில் புறக்கணித்துவந்தார்கள்.

இன்னொன்றும் தெரிந்தது. வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்காகும் என்பது நியூட்டனின் வர்க்க விதி. மெதுவாகப் போகும் பொருளுக்கு அது பொருந்தியது. தோட்டாவின் வேகத்திலோ தடை அந்த விதி சொல்வதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு வந்தது. இந்தத் திடீர் மாற்றம் ஒலியின் வேகத்துக்கு அருகே நடக்கிறது என்பதையும் ராபின்ஸ் கவனித்தார். 20-ம் நூற்றாண்டு விமானிகள் ஒலித்தடை என்று சொல்லிப் பயந்த அதே இடம்தான் அது. விமானம் என்ற சொல்லுக்கே வேலை இல்லாத காலத்தில் ஒரு மரப்பலகையும் நாடாவும் அதைப் பிடித்துவிட்டன.

சுழலும் கை, வளையும் குண்டு

மெதுவான வேகங்களுக்கு அவர் வேறொரு கருவி செய்தார். ஒரு தண்டில் நீளமான கை, அதைச் சுற்றவைக்க ஒரு எடை. கையின் நுனியில் வெவ்வேறு வடிவப் பொருள்களைப் பொருத்திச் சுற்றவிட்டார். முன்பக்கப் பரப்பு ஒன்றாகவே இருந்தாலும், வடிவம் மாறினால் காற்றின் தடையும் மாறுகிறது என்று தெரிந்தது. விமானம், கார், ராக்கெட் மூக்கு எல்லாவற்றையும் சோதிக்கும் இன்றைய காற்றுச் சுரங்கத்துக்கு இந்தச் சுழல்கை ஒரு முன்னோடி.

சுழன்றுகொண்டே பறக்கும் குண்டு பக்கவாட்டில் வளைந்து போகிறது என்பதையும் சோதித்துக் காட்டினார். கிரிக்கெட்டில் சுழற்பந்து காற்றிலேயே திசைமாறுவதும், கால்பந்தில் ஃப்ரீகிக் சுவரைச் சுற்றி வளைவதும் இதே விளைவால்தான். ஒரு நூற்றாண்டு கழித்து இதை ஆராய்ந்த ஜெர்மானியர் மேக்னஸின் பெயர்தான் புத்தகங்களில் நிலைத்தது. துப்பாக்கிக் குழலின் உள்ளே சுருள் வரி வெட்டினால் தோட்டா சீராகச் சுழன்று நேராகப் போகும், அப்படிப்பட்ட துப்பாக்கி வைத்திருக்கும் படை மற்றவர்களை முந்திவிடும் என்றும் முன்கூட்டியே சொன்னார். பின்னாளில் அதுதான் நடந்தது.

1746-ல் ராயல் சொசைட்டி தன் உயரிய விருதான காப்ளி பதக்கத்தை அவருக்குக் கொடுத்தது.

இப்போது ஆய்லர் கதைக்கு வருவோம். தன் நூலைத் தாக்கிய அதே ராபின்ஸின் புத்தகத்தை ஆய்லர் 1745-ல் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். மூலத்தைவிடப் பல மடங்கு நீளமான விளக்கமும் சேர்த்தார். பழைய கோபத்தைவிடப் புதிய உண்மை பெரிது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பதிப்பின் வழியாக ராபின்ஸின் முடிவுகள் ஐரோப்பா முழுக்கப் பரவின. பிரான்ஸில் பீரங்கிப் பயிற்சி பெற்ற இளம் நெப்போலியனும் அதைப் படித்துக் குறிப்பெடுத்தவர்களில் ஒருவர்.

ராக்கெட் எவ்வளவு உயரம் போகும்?

1749 ஏப்ரல் 27 இரவு லண்டன் கிரீன் பார்க்கில் பெரிய வாணவேடிக்கை. ஐரோப்பாவில் எட்டு ஆண்டுகள் நடந்த போரை முடித்துவைத்த சமாதான உடன்படிக்கைக்காக நடந்த கொண்டாட்டம் அது. ஊரே வாயைப் பிளந்து வேடிக்கை பார்த்தது. ராபின்ஸ் அதையும் ஒரு சோதனையாக்கினார். தூரத்திலிருந்து கோணத்தை அளந்து, ராக்கெட் ஒவ்வொன்றும் எவ்வளவு உயரம் ஏறியது என்று கணக்கிட்டார். சாதாரணமாக அவை சுமார் 400 மீட்டர் ஏறின. அதிகபட்சம் 560 மீட்டரைத் தொட்டது. ராக்கெட்டின் உயரத்தைப் பற்றிய அவர் கட்டுரை ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் வந்தது.

அந்த வாணவேடிக்கைக்கும் தமிழ்நாட்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்திருந்தார்கள். அதை ஆங்கிலேயருக்குத் திருப்பித் தந்தது இந்த உடன்படிக்கைதான். சென்னை கைவிட்டுப் போயிருந்த நாள்களில் சோழமண்டலக் கரையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையிடமாக இருந்தது, கடலூரின் செயின்ட் டேவிட் கோட்டை. தப்பித்தது அதிர்ஷ்டம் என்று கம்பெனி இயக்குநர்களுக்குத் தெரியும். அடுத்த போருக்குள் கோட்டைகளைப் பலப்படுத்த ஒரு கெட்டிக்காரர் வேண்டும். கம்பெனியின் தலைமைப் பொறியாளர் பதவி ராபின்ஸுக்குக் கிடைத்தது.

குண்டு விழுந்த எல்லை

ராபின்ஸ் வந்து சேர்ந்த ஊருக்கு, அவர் துறையோடு ஏற்கெனவே ஒரு பழைய உறவு இருந்தது. 1690-ல் மராட்டியரிடமிருந்து இந்தக் கோட்டையைக் கம்பெனி வாங்கியபோது, எல்லையைச் சங்கிலி பிடித்து அளக்கவில்லை. கோட்டையிலிருந்து பீரங்கி சுட வேண்டும், குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள நிலம் கம்பெனிக்குச் சொந்தம். அதுதான் ஒப்பந்தம். இருப்பதிலேயே நல்ல பீரங்கியாகப் பார்த்துச் சுட்டார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வளையத்துக்குள் சிக்கிய ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. இன்றைய குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயரில் அந்த நினைவு ஒட்டிக்கொண்டிருப்பதாகச் சொல்வார்கள்.

குண்டு எவ்வளவு தூரம் போகும் என்பது ராபின்ஸுக்கு இயற்பியல் கேள்வி. கடலூர்க்காரர்களுக்கோ அது யாருக்கு வரி கட்டுவது என்ற கேள்வி.

1749 டிசம்பரில் கப்பலேறிய ராபின்ஸ், 1750 ஜூலையில் செயின்ட் டேவிட் கோட்டையில் இறங்கினார். கூடவே இளம் உதவியாளர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவரான ஜான் கால் பின்னாளில் சென்னையின் தலைமைப் பொறியாளர் ஆனார். பெட்டிகளில் வானியல் கருவிகளும் இருந்தன. கோட்டை வேலைக்கு நடுவே இந்திய வானத்தையும் அளந்துவிட வேண்டும் என்பது ராபின்ஸின் ஆசை.

கடலூரில் ஒரு வருடம்

வந்த இரண்டே மாதத்தில், செப்டம்பரில், காய்ச்சல் அவரைப் படுக்கவைத்தது. எழுந்தார். செயின்ட் டேவிட் கோட்டைக்கும் சென்னைக் கோட்டைக்கும் புதிய வரைபடங்கள் தயாரித்தார். எட்டு மாதம் கழித்து உடம்பு மறுபடியும் விழுந்தது. இந்த முறை எழவில்லை. கம்பெனிக்கு அறிக்கை எழுதிக்கொண்டிருந்த நிலையில், கையில் பேனாவோடு இறந்தார் என்று சொல்லப்படுகிறது. கொண்டுவந்த வானியல் கருவிகளால் நினைத்ததைச் செய்ய அவருக்குக் காலம் கிடைக்கவில்லை.

அவர் யாருக்காக வேலை பார்த்தார் என்பதை மறைத்துப் பேச முடியாது. அவர் இறந்த அடுத்த மாதமே ராபர்ட் கிளைவ் ஆற்காட்டை நோக்கிப் படையோடு கிளம்பினார். வியாபாரக் கம்பெனி ஆட்சியாளராக மாறிய கதையின் தொடக்கம் அது. அந்தக் கம்பெனியின் சுவர்களைக் கெட்டிப்படுத்தத்தான் ராபின்ஸின் கணிதம் கடலூருக்கு வந்தது. அந்தச் சுவர்களும் நிலைக்கவில்லை. 1758-ல் லாலியின் தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை கோட்டையைப் பிடித்து இடித்துத்தள்ளியது. கெடிலம் ஆற்றோரம் இன்று மிச்சமிருப்பது சிதிலங்கள்தான்.

தெற்கே 45 கி.மீ. தள்ளி இருக்கும் சிதம்பரமும் அந்தப் போர்களில் தப்பவில்லை. நடராஜர் கோயிலின் உயர்ந்த மதில்களைப் பார்த்த படைகள் அதைக் கோட்டையாகவே பயன்படுத்தின. பிரெஞ்சுக்காரர்கள், ஆங்கிலேயர்கள், ஹைதர் அலியின் வீரர்கள் என்று எல்லோரும். 1781 ஜூனில் அந்த மதிலைத் தாக்கிய ஆங்கிலத் தளபதி அயர் கூட் தோற்றுப் பின்வாங்கினார். எந்தச் சுவர் எந்தக் குண்டைத் தாங்கும் என்ற கேள்வி கோயில் வாசல்வரை வந்து நின்ற காலம் அது.

ஐம்பூதத் தலங்களில் சிதம்பரம் ஆகாயத் தலம். திரையை விலக்கினால் அங்கே உருவம் எதுவும் இல்லை, வெட்டவெளியும் தங்க வில்வ மாலையும்தான். எதுவும் இல்லாததுபோலத் தெரியும் இடத்தில்தான் எல்லாம் இருக்கிறது என்பது சிதம்பர ரகசியத்துக்குப் பக்தர்கள் சொல்லும் விளக்கம். ராபின்ஸின் கண்டுபிடிப்பையும் இதே சொல்லால் சுருக்கிச் சொல்லிவிடலாம். வெறுமை என்று நினைத்துக் கணக்கில் விட்ட காற்றுதான், குண்டின் தலையெழுத்தை எழுதிக்கொண்டிருந்தது.

சுற்றுப்பாதையிலும் அதே காற்று

விண்வெளியில் காற்றே கிடையாது என்றுதான் பலரும் நினைக்கிறோம். அது முழு உண்மை இல்லை. 400 கி.மீ. உயரத்திலும் வளிமண்டலத்தின் மெல்லிய எச்சம் இருக்கிறது. வினாடிக்கு 7.5 கி.மீ.க்கு மேல் பறக்கும் பொருளை அது கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கிறது. விண்வெளியைக் கூட்டிப் பெருக்கும் இயற்கையான துடைப்பம் அதுதான்.

ஆனால் உயரம் கூடக்கூடத் துடைப்பம் தேய்ந்துவிடுகிறது. 600 கி.மீ.க்குக் கீழே உள்ள குப்பை சில ஆண்டுகளில் விழுந்து எரிந்துவிடும். 800 கி.மீ.யில் நூற்றாண்டுகள் ஆகும். 1,000 கி.மீ.க்கு மேலே ஆயிரம் ஆண்டுகள்கூட ஆகலாம்.

இந்தியா இரண்டையும் பார்த்திருக்கிறது. 2001-ல் ஏவிய பிஎஸ்எல்வி-சி3 ராக்கெட்டின் கடைசி அடுக்கு சில வாரங்களில் சுற்றுப்பாதையில் வெடித்து, 300-க்கும் மேற்பட்ட துண்டுகளானது. அவை கீழே விழப் பல ஆண்டுகள் பிடித்தன. 2019 மார்ச் 27 அன்று மிஷன் சக்தி சோதனையில் இந்தியா தன் செயற்கைக்கோள் ஒன்றை ஏவுகணையால் உடைத்தது. அது நடந்த உயரம் 300 கி.மீ.க்கும் கீழே. அதனால் பெரும்பாலான துண்டுகளைச் சில மாதங்களிலேயே காற்று துடைத்துவிட்டது. மேலே தூக்கியடிக்கப்பட்ட சில துண்டுகளுக்குத்தான் கூடுதல் காலம் ஆனது.

உயரத்தில் மோதினால் கதை வேறு. 2009 பிப்ரவரி 10 அன்று அமெரிக்காவின் இரிடியம் 33 செயற்கைக்கோளும், செயலிழந்த ரஷ்யாவின் காஸ்மோஸ் 2251 செயற்கைக்கோளும் சைபீரியாவுக்கு மேலே சுமார் 790 கி.மீ. உயரத்தில் மோதின. கண்காணிக்கக்கூடிய 2,000-க்கும் மேற்பட்ட துண்டுகள் சிதறின.

அந்த அடி எப்படிப்பட்டது? 1 செ.மீ. அலுமினிய உருண்டை ஒன்று வினாடிக்கு 10 கி.மீ. வேகத்தில் மோதினால், ஒரு டன் எடையுள்ள கார் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் இடிப்பதற்கு ஏறக்குறைய நிகர். ராபின்ஸின் தோட்டாவைவிட வேகம் 20 மடங்கு. அதனால் ஒவ்வொரு கிராமுக்கும் உள்ள ஆற்றல் 400 மடங்கு.

இது எங்கோ நடக்கும் சமாச்சாரம் இல்லை. மீன் எங்கே கிடைக்கும் என்று தேவனாம்பட்டினம் மீனவர்களுக்குப் போகும் தகவலுக்கு ஓஷன்சாட் வரிசைச் செயற்கைக்கோள்களின் தரவும் உதவுகிறது. அதில் 2022-ல் ஏவிய ஓஷன்சாட்-3 சுற்றுவது சுமார் 740 கி.மீ. உயரத்தில். துடைப்பம் எட்டாத, நெரிசல் மிகுந்த அடுக்கு அது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்த கடலூருக்கு, வானத்துக் கண்களின் மதிப்பைச் சொல்லித்தர வேண்டாம்.

எதையெல்லாம் சோதித்திருக்கிறார்கள்?

வலையும் ஈட்டியும்: இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகம் முன்னின்று நடத்திய ரிமூவ்டெப்ரி திட்டம், 2018 செப்டம்பரில் விண்வெளியில் வலை வீசி ஒரு சிறிய இலக்கைப் பிடித்தது. 2019 பிப்ரவரியில் ஈட்டி எறிந்து ஒரு பலகையைக் குத்தியது. இரண்டும் வெற்றி. ஆனால் இரண்டு இலக்குகளையும் அந்தக் கலமே கூடவே கொண்டுபோயிருந்தது. கடைசியாக, காற்றுத் தடையைக் கூட்டிக் கலத்தைச் சீக்கிரம் இறக்கும் பாயை விரிக்கப் பார்த்தார்கள். அது எதிர்பார்த்தபடி விரியவில்லை.

காந்தம்: ஜப்பானின் ஆஸ்ட்ரோஸ்கேல் நிறுவனம் 2021-ல் எல்சா-டி கலத்தை அனுப்பியது. தன்னிடமிருந்து விடுவித்த சிறிய கலத்தை 2021 ஆகஸ்டில் காந்தத்தால் மறுபடி பிடித்துக் காட்டியது. பின்னர் உந்துபொறிகளில் கோளாறு வந்ததால் அடுத்த கட்டச் சோதனை முழுமையாக நடக்கவில்லை.

நெருங்கிப் பார்த்தல்: அதே நிறுவனத்தின் அட்ராஸ்-ஜே 2024-ல் நிஜமான குப்பை ஒன்றைத் தேடிப்போனது. யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லாத பழைய ஜப்பானிய ராக்கெட் அடுக்கு அது. அதன் அருகே சுமார் 15 மீட்டர்வரை சென்றது. பிடிக்கவில்லை, பார்த்தது மட்டும்தான். அதுவே பெரிய விஷயம்.

இழுத்துப்போதல்: 2022 ஜனவரியில் சீனாவின் ஷிஜியன்-21, 36,000 கி.மீ. உயரத்தில் இருந்த செயலிழந்த செயற்கைக்கோள் ஒன்றை இழுத்து, யாருக்கும் தொல்லை இல்லாத உயர்ந்த பாதையில் விட்டுவந்தது. தாழ்ந்த பாதையில் சுற்றும் பழைய ராக்கெட் அடுக்குகளை அப்படிப் பிடித்து இறக்குவதுதான் இன்னும் ஒத்திகை அளவில் நிற்கிறது.

இஸ்ரோவின் வழி: புதிதாகக் குப்பை சேராமல் பார்ப்பதில் இஸ்ரோ முதல் கவனம் வைக்கிறது. 860 கி.மீ.க்கு மேல் சுற்றிய மேகா-ட்ராபிக்ஸ்-1 செயற்கைக்கோளை, மிச்சமிருந்த எரிபொருளை வைத்துப் படிப்படியாக இறக்கி, 2023 மார்ச் 7 அன்று பசிபிக் கடலுக்கு மேலே எரிந்துவிழச் செய்தது. 2024 ஜனவரியில் எக்ஸ்போசாட்டை ஏவியபின், பிஎஸ்எல்வியின் கடைசி அடுக்கை 350 கி.மீ.க்கு இறக்கி, போயம்-3 என்ற பெயரில் பறக்கும் ஆய்வுக்கூடமாகப் பயன்படுத்தியது. மார்ச் 21 அன்று அது வளிமண்டலத்துக்குள் விழுந்தது. மேலே ஒரு துண்டும் மிச்சமில்லை. வேண்டுமென்றே துடைப்பத்தின் கைக்கு எட்டும் தூரத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். மிச்ச வேலையைக் காற்று பார்த்துக்கொண்டது.

2024 டிசம்பரில் சென்ற போயம்-4-ல் குப்பையைப் பிடிக்கும் இயந்திரக் கை ஒன்றும் சோதனைக்காகப் பறந்தது. 2025 ஜனவரி 16 அன்று ஸ்பேடெக்ஸ் கலங்கள் இரண்டை விண்வெளியில் இணைத்ததும் இதே பாதையில் ஒரு படிதான். நெருங்கவும் பிடிக்கவும் தெரிந்தால்தான் குப்பையை அகற்ற முடியும். 2030-க்குள் தன் விண்வெளிப் பயணங்கள் அனைத்தையும் குப்பை இல்லாதவையாக மாற்றுவது இந்தியாவின் இலக்கு.

ராபின்ஸ் விட்டுச்சென்றது

ராபின்ஸ் இறந்து பத்து ஆண்டுகள் கழித்து, 1761-ல், அவர் நண்பர் ஜேம்ஸ் வில்சன் அவருடைய கணித எழுத்துகளை இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். வுல்விச்சில் ராபின்ஸுக்குக் கிடைக்காத பேராசிரியர் வேலையைப் பின்னாளில் பெற்ற சார்லஸ் ஹட்டன், அதே ஊசல் சோதனையைப் பெரிய பீரங்கிக் குண்டுகளுக்கும் நீட்டித்தார். பதவி கிடைக்காதவரின் முறைதான் அங்கே பாடமானது.

அந்த முறையின் சாரம் எளிது. பெரிய பெயர் சொன்னது என்பதற்காக எதையும் நம்பாதே, ஒரு ஊசலைக் கட்டிச் சுட்டுப் பார். கலிலியோவின் பரவளையமும் நியூட்டனின் வர்க்க விதியும் எந்த இடத்தில் பொருந்தாமல் போகின்றன என்பதை அப்படித்தான் அவர் கண்டுபிடித்தார். விரியாத பாயும், கோளாறான உந்துபொறியும் இன்றைய பொறியாளர்களுக்குச் சொல்வது அதையேதான். தரையில் வேலை செய்தது மேலேயும் வேலை செய்யும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மேலே கொண்டுபோய்ச் சோதித்துப் பார்த்தால்தான் தெரியும்.

துடைப்பம் எட்டாத 800 கி.மீ. உயரத்தில் காத்திருக்க நமக்கு நூற்றாண்டுகள் இல்லை. ஓஷன்சாட் போன்றவை அந்த அடுக்குகளில் பத்திரமாகச் சுற்ற வேண்டுமானால், வலையோ ஈட்டியோ இயந்திரக் கையோ, ஏதாவது ஒன்று ஒத்திகையைத் தாண்டி நிஜக் குப்பையைப் பிடித்து இறக்கியாக வேண்டும். இறக்கிக் கொஞ்சம் கீழே விட்டால் போதும். கடைசி வேலையைச் செய்ய ராபின்ஸ் அளந்த காற்று இருக்கிறது.